மதத்தையும் அரசியலையும் பீரோவில் வைத்துப் பூட்டிய நூலகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நூலகக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

மதம், அரசியல், சமூக இயக்கங்கள், தலைவர்களின் வாழ்க்கை வரலாறு ஆகிய பிரிவுகளில் இருந்த நூல்களைத் திறந்த அடுக்குகளிலிருந்து எடுத்து, பின்னறை பீரோக்களில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். வேண்டுமென்றால் பெயர், கைபேசி எண், ‘படிக்க விரும்பும் காரணம்’ மூன்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே வாங்க முடியும் என்கிறது உங்கள் அறிவிப்பு. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அதுவும் கிடையாது. கட்சிச் சார்புள்ள நாளிதழ்களையும் சமய மாத இதழ்களையும் நிறுத்தியாயிற்று. வாசகர் வட்டத்தில் இனி இலக்கியம் மட்டும்தான் பேச வேண்டும் என்று வாய்மொழியாகவும் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். இலக்கியத்துக்குள் மதமும் அரசியலும் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ஏன் இந்த முடிவு என்று நேரில் கேட்டபோது உங்கள் உறுப்பினர் ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். இரண்டு புகார்கள் வந்தனவாம். கல்லூரியில் படிக்கும் மகன் இங்கிருந்து நாத்திக நூல்களை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, வீட்டு வழிபாட்டில் உட்கார மறுக்கிறான் என்று ஒரு தந்தை. சாமி கும்பிடாத குடும்பத்தில் வளர்ந்த மகள் இங்கிருந்து பக்தி நூல்களை எடுத்துப்போய்ப் படித்துவிட்டு விரதம் இருக்கத் தொடங்கிவிட்டாள் என்று இன்னொரு தந்தை. “ரெண்டு பக்கமும் பிரச்சினை. அதனால ரெண்டையும் எடுத்துட்டோம். நடுநிலைமைதானே?” என்றார் உறுப்பினர். அந்த இரு தந்தையரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிட்டிருந்தால் போதும், பீரோச் சாவிக்கே வேலை வந்திருக்காது.

புத்தகம் படித்து யாரும் மாறிவிட மாட்டார்கள், பயப்படாதீர்கள் என்று உங்களைச் சமாதானப்படுத்த நான் இதை எழுதவில்லை. மாறுவார்கள். கடவுளை விடுவார்கள், கடவுளிடம் வருவார்கள், கட்சி மாறுவார்கள், எந்தக் கட்சியும் வேண்டாம் என்பார்கள். உங்கள் அச்சத்தின் அடிப்படையை நான் மறுக்கவே இல்லை. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். ஒருவர் கையில் ஒரு நூல் போகிறது, மறுவாரம் வேறு ஆளாகத் திரும்பி வருகிறார் என்று நினைக்கிறீர்கள். அப்படியெல்லாம் நடப்பதாக எனக்குத் தெரியவில்லை. நடந்ததாகச் சொல்லப்படும் பெரிய கதைகளே வேறு மாதிரி இருக்கின்றன.

கிறித்தவத் திருச்சபையின் பெரும் சிந்தனையாளரான புனித அகுஸ்தீனை எடுத்துக்கொள்வோம். கி.பி. 386இல் மிலான் நகரத்துத் தோட்டம் ஒன்றில், ‘எடுத்துப் படி’ என்ற குழந்தைக் குரலைக் கேட்டு, பைபிளில் உள்ள பவுலின் திருமுகத்தை (கடிதத்தை) திறந்து ஒரு பத்தியைப் படித்தார், மனம் மாறினார் என்பார்கள். அவர் எழுதியதையே படித்தால், அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் நீண்ட வாசிப்பு தெரியும். அவருடைய 19ஆம் வயதில் மெய்யறிவுத் தேடலை மூட்டிவிட்டது கிறித்தவரே அல்லாத ரோமானியர் சிசரோவின் நூல். அதன் பிறகு பல ஆண்டுகள், மானிகேயர்கள் என்ற வேறொரு சமயத்தாரின் நூல்கள். பிறகு பிளேட்டோ மரபினரின் நூல்கள். கடைசியில்தான் அந்தத் தோட்டம். ‘இது நம் மதத்துக்காரர் எழுதியதல்ல’ என்று சிசரோவை யாராவது பூட்டி வைத்திருந்தால், திருச்சபைக்கு அகுஸ்தீன் கிடைத்திருப்பாரா என்று தெரியாது.

அம்பேத்கருக்குப் பள்ளிப் பருவத்தில், தேர்வில் தேறியதைப் பாராட்டி, புத்தர் வாழ்க்கையைச் சொல்லும் நூல் ஒன்றைப் பரிசளித்தவர் மராத்தி எழுத்தாளர் கேலுஸ்கர். தான் புத்தரை நோக்கித் திரும்பியது அந்த நூலிலிருந்துதான் என்று அம்பேத்கரே எழுதியிருக்கிறார். அவர் பௌத்தம் தழுவியது 1956 அக்டோபர் 14. நடுவில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அவர் அந்தக் காலமெல்லாம் படித்தது பௌத்தத்தை மட்டுமா? எதை விட்டு வெளியேறினாரோ அந்த மதத்தின் நூல்களை, அதற்குள்ளேயே இருந்த பலரைவிட ஆழமாகப் படித்தார்.

காந்தியின் கதை இன்னும் வேடிக்கையானது. இந்துவாகப் பிறந்த அவர் பகவத் கீதையை முதலில் படித்தது லண்டனில், தியாசபி என்ற ஆன்மிக இயக்கத்தின் அன்பர்கள் இருவர் அழைத்ததால், ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக. அதே காலத்தில்தான் இயேசுவின் மலைப்பிரசங்கமும் அவருக்குள் இறங்கியது. 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குப் போகும் ரயிலில், நண்பர் போலாக் கொடுத்த, ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினின் நூலை ஒரே மூச்சில் படித்துவிட்டு அதே ஆண்டில் பீனிக்ஸ் குடியிருப்பைத் தொடங்கினார். ‘ஒரே நூல், உடனடி மாற்றம்’ என்று நீங்கள் காட்டக்கூடிய சான்று இது ஒன்றுதான். ஆனால் அவரே என்ன சொல்கிறார்? தன் மனத்தின் ஆழத்தில் ஏற்கெனவே கிடந்த நம்பிக்கைகளையே அந்த நூலில் கண்டதாகச் சொல்கிறார்.

பகத் சிங்கை விட்டுவிட முடியாது. நீங்கள் பூட்டிய நூல்களில் அவருடையதும் ஒன்று. லாகூரின் துவாரகாதாஸ் நூலகத்தில் விடாமல் படித்தவர் அவர். தான் ஏன் நாத்திகன் என்று 1930இல் சிறையிலிருந்து எழுதிய கட்டுரையில், படி, படி என்று தன் உள்ளே எழுந்த குரலைப் பற்றிச் சொல்கிறார். எதற்காகப் படிக்க வேண்டுமாம்? எதிராளி வைக்கும் வாதங்களைச் சந்திப்பதற்கு. தன் கொள்கைக்கு ஆதரவான வாதங்களைத் திரட்டிக்கொள்வது அதற்கு அடுத்ததாகவே வருகிறது. அந்தக் கட்டுரையைத் தமிழில் பெயர்த்ததற்காக ஜீவானந்தம் கைது செய்யப்பட்டார். கட்டுரையோ இன்றுவரை அச்சில் இருக்கிறது.

சரி, இவர்களெல்லாம் பெரிய மனிதர்கள். மாறாமல் இருந்தவர் ஒருவரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் விவாதத்துக்கு அவர்தான் முக்கியம். சைவ மரபில் ஊறி, திருவாவடுதுறை ஆதீனத்தில் தமிழ் கற்ற உ.வே. சாமிநாதையரிடம் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று. சமண காவியம் அது. படித்ததில்லை. அதன் பிறகு சமணர் வீடுகளைத் தேடிப்போய், அவர்களிடம் பாடம் கேட்டு, அந்த மதத்தின் நுட்பங்களைப் புரிந்துகொண்டு 1887இல் பதிப்பித்தார். 1898இல் பௌத்த காவியமான மணிமேகலை. அதற்காக பௌத்தத்தைப் படித்தார். அவர் சமணர் ஆகவில்லை, பௌத்தரும் ஆகவில்லை. நெற்றியில் திருநீறு இருந்தபடியேதான் இருந்தது. ஆனால் சிந்தாமணியைத் தேடிப் புறப்பட்டவரும் அதைப் பதிப்பித்து முடித்தவரும் ஒரே ஆள் என்று என்னால் சொல்ல முடியாது. மதம் மாறாமலே ஒருவரின் மத நோக்கு விரிய முடியும். உங்கள் புகார்ப் பதிவேட்டில் இந்த வகை மாற்றம் ஒருநாளும் ஏறாது. அதைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை.

இனி என் அனுபவம்.

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு கட்சியின் நாளிதழ்தான் வரும். அப்பா அந்தக் கட்சிக்காரர். எதிர்க்கட்சித் தலைவரின் பெயரை வீட்டில் மரியாதையோடு சொன்னால் சோறு கிடைக்காது என்ற அளவுக்கு. நூலகத்தின் செய்தித்தாள் மேசையில்தான் நான் முதன்முறையாக இரண்டு கட்சித் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்த்தேன். ஒரே பொதுக்கூட்டம். ஒரு தாளில் மனிதக்கடல், மேடைக்கு முன்னாலிருந்து எடுத்த படம். இன்னொரு தாளில் காலி நாற்காலிகள், பந்தலின் பின்பக்கத்திலிருந்து எடுத்த படம். இரண்டு படங்களும் உண்மைதான். யாரும் எனக்குப் பாடம் நடத்தவில்லை. செய்தி என்பது எங்கே நின்று பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது என்று அந்த மேசைதான் கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகும் நான் நெடுங்காலம் அப்பாவின் கட்சிக்கே வாக்களித்தேன். ஆனால் அந்தக் கட்சியின் தாளை அப்பா படித்தது மாதிரி என்னால் படிக்க முடியவில்லை.

நீங்கள் நிறுத்தியது அந்த மேசையைத்தான். கட்சித் தாள்கள் பொய் எழுதுகின்றன என்று உங்களுக்கு வருத்தமிருந்தால், ஒன்றை மட்டும் போடுவது தவறு. எல்லாவற்றையும் போடுவது வேறு காரியம்.

மதத்துக்கு வருகிறேன். என் சமயத்தைக் கடுமையாகச் சாடும் நூல் ஒன்றை, பதில் சொல்லும் எண்ணத்தோடுதான் அடுக்கிலிருந்து எடுத்தேன். அதில் எங்கள் மறைநூலிலிருந்து ஒரு மேற்கோள் இருந்தது. நம்ப முடியவில்லை. மறைநூல் அதே அடுக்கில், கையெட்டும் தூரத்தில். எடுத்துப் புரட்டினேன். மேற்கோள் சரிதான், ஆனால் முன்னும் பின்னும் வெட்டப்பட்டிருந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியில் மேலும் படித்துக்கொண்டு போனபோது, விமர்சகர் கவனிக்காமல் விட்ட, அதைவிடச் சங்கடமான இடங்கள் கண்ணில் பட்டன. கூடவே, சிறுவயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவந்த ஒரு பாடல் முதல்முறையாகப் பொருளோடு புரிந்து கண்ணில் நீர் வந்ததும் அன்றைக்குத்தான். என்னை நாத்திகனாக்க எழுதப்பட்ட ஒரு நூல்தான் என் மறைநூலை முதல்முறை முழுதாகப் படிக்கவைத்தது.

இதில் நடந்ததைக் கவனியுங்கள். இரண்டு நூல்களும் ஒரே அடுக்கில் இருந்தன. நூலகத்தின் முழு வித்தையும் அதில்தான் இருக்கிறது. கடையில் நாம் தேடிப்போவதைத்தான் வாங்குகிறோம். வீட்டு அலமாரியில் நமக்குப் பிடித்தது மட்டும். பொது நூலகத்தின் வகைப்பாட்டு எண்ணுக்கு நம் விருப்பு வெறுப்பு தெரியாது. பக்தரையும் மறுப்பாளரையும், இடதுசாரியையும் வலதுசாரியையும் தோளோடு தோள் நிற்கவைக்கிறது. ‘கேட்டால் எடுத்துத் தருகிறோமே’ என்கிறீர்கள். தேடாததைக் கேட்பது எப்படி? இருக்கிறது என்றே தெரியாத நூலின் பெயரைப் பதிவேட்டில் எப்படி எழுதுவது?

நூலகவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளை உலகமே படிக்கிறது. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்ததைச் சொல்லி அதை விளக்குகிறார். ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. அடுக்குகளைத் திறந்து வைத்து வாசகரை நடுவே உலவவிட வேண்டும் என்று அவர் வாதாடுவது இந்த விதியை முன்வைத்துத்தான். அவர் படம் நம் நூலகச் சுவரில் மாலையோடு தொங்குகிறது. அதற்குக் கீழேதான் அந்த பீரோக்கள்.

உங்கள் தரப்பில் வலுவான வாதம் ஒன்றும் உண்டு. நீங்கள் அதைச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன். நூல்கள் மனிதர்களைத் திறக்க மட்டும் செய்வதில்லை, இறுகவும் வைக்கின்றன. ஐரோப்பாவில் மதச் சீர்திருத்தவாதி லூத்தர் 1522இல் மொழிபெயர்த்த புதிய ஏற்பாட்டைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுசேர்த்த அதே அச்சுத் தொழில்தான், அதற்கு முன்பே 1480களில், சூனியக்காரிகளை வேட்டையாடுவது எப்படி என்று சொல்லும் கையேட்டையும் ஊர் ஊராகப் பரப்பியது. அதையும் படித்தவர்கள்தான் படித்தார்கள், நீதிபதிகளும் பாதிரியார்களும். நம்மிடையேயும் ஒரே வரிசை நூல்களைப் படித்துப் படித்து, மனிதர்களை வெறுக்கக் கற்றுக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். வாசிப்பு மனிதனைப் பண்படுத்தும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

இரு தரப்பையும் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் அவ்வளவு எளிதல்ல. 1979இல் ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர்கள் மரண தண்டனையை ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் அதற்குச் சாதகமான ஓர் ஆய்வையும் பாதகமான ஓர் ஆய்வையும் படிக்கக் கொடுத்தார்கள். இரு சாராரும் தங்களுக்குப் பிடித்த ஆய்வை ஏற்று, பிடிக்காததில் ஓட்டை கண்டுபிடித்தார்கள். முடிவில் முன்னைவிடத் தீவிரமாகத் தத்தம் பக்கம் சாய்ந்ததாகச் சொன்னார்கள். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்க ட்விட்டர் பயனர்களை ஒரு மாதம் எதிர்த்தரப்புப் பதிவுகளைப் பின்தொடரவைத்துப் பார்த்தார்கள். குடியரசுக் கட்சியினர் இளகுவதற்குப் பதிலாக இன்னும் இறுகினார்கள்.

பார்த்தீர்களா, நாங்கள் செய்தது சரி என்று சொல்ல அவசரப்பட வேண்டாம். அந்தப் பழைய ஆய்வுக்கு 1984இல் ஒரு தொடர்ச்சி உண்டு. பாரபட்சமில்லாமல் படியுங்கள் என்று வெறுமனே அறிவுறுத்தியதால் பயன் எதுவும் ஏற்படவில்லை. ‘இதே ஆய்வின் முடிவு நேர்மாறாக வந்திருந்தால் அப்போதும் இப்படித்தான் மதிப்பிட்டிருப்பீர்களா?’ என்று கேட்டுக்கொள்ளச் சொன்னபோது சாய்வு குறைந்தது. ஆக, நூல் இருந்தால் போதாது. அதை எப்படிப் படிப்பது என்று கூடிப் பழகும் இடமும் வேண்டும். அந்த இடம் நம்மிடம் இருந்தது. அதன் பெயர் வாசகர் வட்டம்.

எங்கள் வட்டத்தில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. யார் எந்த நூலை மறுக்கிறாரோ, அவர்தான் அந்த நூலை அறிமுகப்படுத்திப் பேச வேண்டும். அந்தத் தரப்பைச் சேர்ந்தவர் ‘ஆமாம், இதைத்தான் நாங்கள் சொல்கிறோம்’ என்று ஒப்புக்கொள்ளும் வரை மறுப்பைத் தொடங்கக் கூடாது. நாள் தவறாமல் கோயிலுக்குப் போகும் பெரியவர் ஒருவர் நாத்திகப் பிரச்சார நூலைப் பற்றிப் பேசினார். கறுப்புச் சட்டை இளைஞர் ஒருவர் பக்தி இலக்கியத்தைப் பற்றிப் பேசினார். இளைஞர் பேசி முடித்ததும் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “நானே இவ்வளவு நல்லாச் சொல்லியிருக்க மாட்டேன் தம்பி. இனிமே மறுத்துக்கோ.” இருவரும் கட்சி மாறவில்லை, மதம் மாறவில்லை. ஆனால் ‘காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறான்’, ‘மூளை மழுங்கியவன்’ என்ற பேச்சு அந்த இருவரிடமும் நின்றுபோனது. தேர்தல் நேரத்தில்கூட. இதை இனி பேசக் கூடாது என்கிறீர்கள்.

இலக்கியம் மட்டும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். சரி, மணிமேகலை பேசலாமா? அதில் வஞ்சி நகரத்தில் மணிமேகலை பல சமயவாதிகளை ஒவ்வொருவராகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கும் ஒரு காதையே இருக்கிறது. எல்லோரையும் கேட்ட பிறகுதான் அவள் தன் வழியில் உறுதியாகிறாள். தேவாரம், திருவாசகம், சீறாப்புராணம், தேம்பாவணி ஆகியவற்றை எந்த பீரோவில் வைப்பீர்கள்? குண்டலகேசி என்ற பௌத்த நூலை மறுப்பதற்கென்றே எழுதப்பட்டது நீலகேசி என்ற சமண நூல். குண்டலகேசி முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் கணிசமான பகுதி, மறுக்க வந்த நீலகேசியிலிருந்தும் அதன் உரையிலிருந்தும் தெரிந்துகொண்டதே. எதிராளியின் நூலைப் பாதுகாத்து வைத்தது எதிர்வாதம். இந்த மரபில் வந்த நாம், சண்டை வரும் என்று சொல்லி இரு தரப்பையும் அறைக்குள் தள்ளிப் பூட்டுகிறோம்.

பூட்டினால் படிக்காமல் விடுவார்களா என்பது இன்னொரு கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை 1559இல் வெளியிட்ட தடை நூல் பட்டியலை 1966இல்தான் கைவிட்டது. பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோபர்னிகசின் நூல் 1616 முதல் 1835 வரை அந்தத் தடைக்குள் இருந்தது. பூமி சுற்றுவதை நிறுத்தவில்லை. 1928இல் சென்னை மாகாண அரசு பாரதியின் பாடல் நூல்களைப் பறிமுதல் செய்தது. பாடல்கள் என்ன ஆயின என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைக்கு நிலைமை இன்னும் மோசம். நீங்கள் காரணம் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பும் அந்தப் பையனின் கைபேசியில், அவன் கேட்காமலே, யார் எழுதியது என்றே தெரியாத துணுக்குகள் நாள் முழுவதும் வந்து விழுகின்றன. அவற்றில் ஆசிரியர் பெயர் இல்லை, மேற்கோளுக்கு மூலம் இல்லை, பதிப்பு ஆண்டு இல்லை, பக்கத்து அடுக்கில் மறுப்பும் இல்லை. நூலுக்காவது ஒரு முகவரி உண்டு. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று கேட்டுப் பிடிக்கலாம். முந்நூறு பக்கம் எழுத வேண்டியவர், எதிராளி என்ன சொல்வார் என்று ஓரிடத்திலாவது யோசித்தாக வேண்டும். பார்வேர்டு அனுப்புகிறவருக்கு அந்தத் தொல்லை இல்லை. நூல்களைப் பூட்டினால் இளைஞர்கள் மதத்தையும் அரசியலையும் மறந்துவிட மாட்டார்கள். அந்த இரண்டையும் மிக மட்டமான ஆசிரியர்களிடம் கற்றுக்கொள்வார்கள்.

அப்புறம் அந்தப் பதிவேடு. என்னை மிகவும் கலங்கவைத்தது அதுதான். பிறந்த மதத்தில் மனம் ஒட்டாத ஒரு பெண், வேறொரு மதத்தின் நூலைப் படித்துப் பார்க்க விரும்புகிறாள் என்று வையுங்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தில் அவள் என்ன எழுதுவாள்? அடுத்து அதே பக்கத்தில் கையெழுத்துப் போட வருபவர் அவள் பெரியப்பாவாக இருந்தால்? ஆளும் கட்சியை விமர்சிக்கும் நூலைக் கேட்கும் அரசு ஊழியர் தன் எண்ணைத் துணிந்து எழுதுவாரா? இந்தப் பதிவேட்டு முறை வந்த பிறகு நூலகருடன் பேசினேன். பீரோ நூல்களைக் கேட்டு வருகிறவர்கள் பதிவேட்டைப் பார்த்ததும் ‘அப்புறம் வர்றேன்’ என்று போய்விடுகிறார்களாம். இனி ‘யாரும் கேட்பதில்லை’ என்று சொல்லி அந்த நூல்களைக் கழித்துக்கட்டுவதற்கும் அதுவே சான்றாகிவிடும். நூலகரையும் யோசியுங்கள். நூலை எடுத்துத் தரும் வேலைக்கு வந்தவரை, ஏன் படிக்கிறாய் என்று கேட்கும் வேலைக்கு மாற்றியிருக்கிறீர்கள்.

18 வயது விதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 வயதில் வாக்களிக்கப் போகிறவர், அரசியல் நூலை முதன்முதலில் தொடுவதும் அந்த ஆண்டிலா? சிறுவர்களுக்குப் பொருந்தாத நூல்கள் சில உண்டு, அது நூலகருக்குத் தெரியும். அதற்காக ஒரு துறையையே மூடுவது என்ன கணக்கு? அந்த இரு தந்தையருக்கும் தங்கள் பிள்ளைகளோடு வாதாட முழு உரிமை உண்டு. என் பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடம் யாரும் கொடுக்கவில்லை.

நடுநிலைமை என்று நீங்கள் சொல்வதற்கு ஏற்கெனவே தெளிவான விளக்கம் இருக்கிறது. யுனெஸ்கோ 1949இல் முதலில் வெளியிட்டு, 1994இலும் 2022இலும் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, நூலகத் தொகுப்பு கருத்தியல், அரசியல், மதம் சார்ந்த எவ்விதத் தணிக்கைக்கும் வணிக நெருக்குதலுக்கும் உட்படக் கூடாது என்கிறது. 2016 ஜூலையில், ஒரு தமிழ் நாவல் மீதான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும் நினைவிருக்கும்: ஒரு நூலைப் படிக்க யாருக்கும் கட்டாயமில்லை, பிடிக்கவில்லையென்றால் தூக்கி எறியுங்கள். எறிவது வாசகரின் முடிவு. அவருக்கு முன்னால் அதைக் குழு எடுக்கக் கூடாது. சட்டப்படி தடைசெய்யப்பட்ட நூல் இருந்தால் எடுத்துவிடுங்கள், அதில் தகராறு இல்லை.

நம் பழைய அடுக்குகளும் ஒழுங்காக இருந்ததாக நான் சொல்ல மாட்டேன். சில அமைப்புகள் இலவசமாகக் கட்டுக் கட்டாக நூல்களைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போகும். வாங்கக் காசில்லாத இடத்தில் இலவசம்தான் அடுக்கை நிரப்பும். மத அடுக்கில் ஒரு சமயத்தின் பிரச்சாரச் சிறுநூல்கள் குவிந்து கிடந்தன, மற்ற சமயங்களின் மூலநூல்களே இல்லை. அரசியலிலும் அப்படித்தான், கைக்குக் கிடைத்தவர்களின் நூல் மட்டும். குழு கவலைப்பட வேண்டிய இடம் இது. அதற்கு வேண்டியது இன்னும் அதிக நூல்கள். பீரோ அதற்கு மருந்தாகாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. பூட்டிய நூல்கள் முழுவதையும், ஒன்றுகூடக் குறையாமல், இம்மாத இறுதிக்குள் பழைய வகைப்பாட்டு வரிசையிலேயே திறந்த அடுக்குக்குக் கொண்டுவாருங்கள். ‘காரணம்’ கேட்கும் பதிவேட்டை உடனே நிறுத்துங்கள். இதுவரை அதில் எழுதியவர்களின் பெயர்களும் எண்களும் யார் கையிலும் சிக்காதபடி அந்தப் பக்கங்களை அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் தெரிவியுங்கள். 18 வயது விதியை நீக்குங்கள். குறிப்பிட்ட ஒரு நூல் சிறுவர் கைக்கு ஏற்றதல்ல என்று தோன்றினால், அந்த நூலுக்கு மட்டும் நூலகரின் முடிவே போதும்.

நிறுத்திய நாளிதழ்களையும் சமய இதழ்களையும் மீண்டும் வரவழையுங்கள். பணம் போதாதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். எல்லாத் தரப்பும் இருக்கும் என்று நீங்கள் உறுதி தந்தால், சில தாள்களின் சந்தாவை வாசகர் வட்டமே ஏற்றுக்கொள்ளும். இனி வாங்கும், நன்கொடையாகப் பெறும் நூல்களின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடுங்கள். எந்தத் தரப்பு விடுபட்டிருக்கிறது என்று வாசகர்கள் எழுதிக்கொடுக்க ஒரு வழி இருக்கட்டும். ஒரு நூலை எடுக்கச் சொல்லிப் புகார் வந்தால், புகார் தருபவர் அந்த நூலைப் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் என்ன குறை என்று எழுத்தில் தர வேண்டும். அந்தப் புகாரும் குழுவின் முடிவும் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

வாசகர் வட்டத்தின் மீதான வாய்மொழித் தடையை எழுத்தில் விலக்கிக்கொள்ளுங்கள். புகார் கொடுத்த இரு தந்தையரையும் எங்கள் அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் அழைக்கிறோம். மகன் படித்த நூலைப் பற்றி முதல் தந்தையும், மகள் படித்த நூலைப் பற்றி இரண்டாம் தந்தையும் பேசட்டும். எங்கள் விதி அவர்களுக்கும் உண்டு.

இவற்றில் எதையாவது ஏற்க முடியாது என்றால், எதை, ஏன் என்று கையொப்பமிட்ட பதிலாகத் தாருங்கள். முடிவெடுக்கும் உங்கள் அடுத்த கூட்டத்தில் வாசகர் தரப்பில் இருவர் பேச அனுமதி வேண்டும். நாளையும் நேரத்தையும் ஒரு வாரம் முன்னதாகச் சொன்னால் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
வாசகர் வட்ட உறுப்பினர்களுக்காக,
நெடுநாள் வாசகர் ஒருவர்